குளிர்காலம் யாருக்கு அச்சம், யாருக்கு விளையாட்டு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (டொராண்டோ வாசகி): யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு நவம்பர் பிறந்தாலே கலக்கம். இங்கே பிறந்த மகளோ முதல் பனிப்பொழிவுக்குக் காத்திருக்கிறாள். இது உடலமைப்பு வேறுபாடா?

பதில்: சிறிதளவு உடல் சார்ந்தது என்று கொள்ளலாம். இயங்கும் வியர்வைச் சுரப்பிகளின் எண்ணிக்கை, பிறந்த முதல் சில ஆண்டுகளில் குழந்தை வளரும் தட்பவெப்பத்தை ஒட்டி அமைந்துவிடுகிறது என்று ஜப்பானிய உடலியலாளர் யாஸ் குனோ காட்டினார். ஆனால் அது வெப்பத்தைத் தாங்குவது பற்றிய செய்தி. குளிரில் நடுக்கம் குறைவதோ பெரியவர்களுக்கும் பழக்கத்தால் வருவதுதான். உங்கள் மகள் சறுக்கி விளையாடிய பருவத்தை நீங்கள் வேலைக்குச் செல்லப் பேருந்துக்காகக் காத்து நின்ற பருவமாகவே அறிந்தீர்கள். வேறுபாட்டின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

கேள்வி (சென்னை வாசகர்): 20 டிகிரிக்கே மஃப்ளர் கட்டுகிறோம் என்று டெல்லி நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிப்பது நியாயமா?

பதில்: இல்லை. இந்திய வானிலை ஆய்வு மையமே குளிர் அலைக்கு ஒரே அளவுகோலை வைக்கவில்லை. குறைந்தபட்ச வெப்பநிலை இயல்பைவிட 4.5 டிகிரியேனும் குறைந்திருக்கும்போது, சமவெளியில் அது 10 டிகிரிக்கும், கடலோரத்தில் 15 டிகிரிக்கும் இறங்கினாலே குளிர் அலை எனக் கொள்ளப்படுகிறது. சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். நம் வீடுகளும் காற்றை உள்ளே விடுவதற்காகக் கட்டப்பட்டவை. குளிரைத் தடுப்பதற்காக அல்ல. இதில் வேடிக்கைக்கு அப்பாற்பட்ட ஒரு செய்தியும் உண்டு. 1997-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில், 18 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் இறப்பு ஏதென்ஸில் ஏறத்தாழ 2 விழுக்காடு கூடியது. தெற்கு ஃபின்லாந்திலோ 0.3 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. மிதமான குளிர் உள்ள பகுதிகளில் வீட்டைச் சூடாக்குவதும், வெளியே செல்லும்போது தொப்பி, கையுறை அணிவதும் குறைவாக இருந்தன. குளிரை அற்பமாக எண்ணுவோரையே அது அதிகம் தாக்குகிறது. மஃப்ளரைக் கழற்றாதீர்கள்.

கேள்வி: மார்கழிப் பனி தலையில் இறங்கினால் சளி பிடிக்குமா?

பதில்: சளியைத் தருவது வைரஸ், பனித்துளி அன்று.

கேள்வி (நார்வே மாணவர்): ட்ரோம்சோவில் நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதில்லை. உள்ளூர் மக்கள் எப்படிச் சோர்வின்றி இருக்கிறார்கள்?

பதில்: அங்கே தங்கி ஆராய்ந்த உளவியலாளர் காரி லைபோவிட்ஸ், நார்வேயில் வடக்கே செல்லச் செல்ல மக்கள் குளிர்காலத்தை மேலும் நல்லவிதமாகவே நோக்குகிறார்கள் என்று கண்டார். பனிச்சறுக்கும் மெழுகுவத்தி ஏற்றிய மாலைகளும் அவர்களுக்குச் சிறுவயது முதலே பழக்கமானவை. ஆயினும் மனப்பான்மையே எல்லாம் என்று சொல்லிவிடக் கூடாது. 1984-இல் மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தால் குழுவினர் விவரித்த பருவகால மனச்சோர்வு உண்மையான நோய். தூக்கமும் சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரை அணுகுங்கள். பிரகாசமான விளக்கின் முன் நாள்தோறும் சிறிது நேரம் அமரும் ஒளிச் சிகிச்சை பலருக்குப் பயன்படுகிறது.

கேள்வி: ஊட்டியில் வளர்ந்தவருக்குக் கனடா எளிதாக இருக்குமா?

பதில்: வீட்டுக்குள் எளிது. ஊட்டியில் உறைபனி நாளிலும் கம்பளியே துணை. டொராண்டோ வாடகை வீட்டில் குளிர்காலத்தில் 21 டிகிரியேனும் இருக்கச் செய்வது உரிமையாளரின் சட்டக் கடமை. ஆனால் பனிக்கட்டி படிந்த நடைபாதையில் வழுக்காமல் நடப்பதை ஊட்டிக்காரரும் புதிதாகவே கற்க வேண்டும்.