காற்றில் காபனீரொட்சைட்டு கூடுவது இயற்கையாலா, மனிதராலா?

"கன்னியாவில் நிலத்துக்குள்ளிருந்தே வெந்நீர் வருகிறது, எரிமலை புகைகிறது, கடலும் வாயுவை விடுகிறது, பிறகு ஏன் மனிதர் மேல் பழி?" என்று கேட்டிருக்கிறீர்கள். திருகோணமலையில் தேநீர்க் கடைகளிலும் இதே வாதத்தைக் கேட்டிருக்கிறேன்.

கன்னியாவின் ஏழு கிணறுகளும் எரிமலையால் சூடாகவில்லை. இலங்கையில் இயங்கும் எரிமலையே இல்லை. உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு விடும் காபனீரொட்சைட்டு, மனிதர் விடுவதில் நூறில் ஒரு பங்குகூட வராது.

கடல்தான் முக்கியமான விஷயம். அது வாயுவை விடுவது உண்மை. ஆனால் விடுவதைவிட அதிகமாக உள்ளே இழுக்கிறது. நாம் வெளியேற்றுவதில் ஏறக்குறைய கால்வாசி கடலுக்குள்தான் போய்ச் சேருகிறது. கடல்தான் காரணம் என்றால் கடல்நீரில் காபன் குறைந்திருக்க வேண்டுமே! மாறாக அது கூடி, நீரின் அமிலத்தன்மையும் ஏறுகிறது. நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவின் பவளப்பாறைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதுதான் பெரிய கவலை.

அப்புறம், காபனே தான் வந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் பழைய உயிர்களிலிருந்து உருவானவை. காபனின் சற்றுப் பாரமான வகையான காபன்-13 அவற்றில் குறைவு. அவற்றை எரிக்க எரிக்க, காற்றிலும் அதன் விகிதம் இறங்கி வருகிறது. எரிப்பதற்கு ஒட்சிசன் வேண்டும் அல்லவா? காற்றில் அதுவும் சிறிது சிறிதாகக் குறைவதை அளந்திருக்கிறார்கள். எரிமலை காரணமாக இருந்தால் ஒட்சிசன் இப்படிக் குறையாது.

1958 இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது காற்றில் காபனீரொட்சைட்டு மில்லியனுக்குச் சுமார் 315 பங்கு. இப்போது 420 ஐத் தாண்டிவிட்டது. அந்தாட்டிக்காவின் பனிக்கட்டியில் சிறைப்பட்ட காற்றுக்குமிழிகளைப் பார்த்தால், தொழிற்புரட்சிக்கு முந்திய 8 இலட்சம் ஆண்டுகளில் அது ஏறக்குறைய 300 ஐத் தாண்டியதே இல்லை.