வாக்குக்குக் காசு: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

தேர்தல் காலத்தில் வாக்குக்காகக் கைமாறும் பணம், பொருள், வாக்குறுதி பற்றி இலங்கையின் இந்த இரண்டு மாவட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறோம். பதில் சொல்பவர் தேர்தல் சட்டத்தில் பழக்கமுள்ள ஒரு சட்டத்தரணி.

செங்கலடி: சேர், எங்கட வட்டாரத்தில நிக்கிற ஒருத்தர் வாக்குக்கு 5000 ரூபா தாறன் எண்டு ஆள் அனுப்பியிருக்கார். வாக்கு என்ர சொத்து. விக்கிறதும் விடுறதும் என்ர விருப்பம். பிழை எண்டாலும் குடுக்கிறவர் மேலதானே பிழை?

இல்லை தம்பி. குடுப்பவரும் வாங்குபவரும் ஒரே குற்றத்தைத்தான் செய்கிறார்கள். நாடாளுமன்றத் தேர்தலுக்கு 1981 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், ஜனாதிபதித் தேர்தலுக்கு அதே ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம், உள்ளூராட்சிக்கு அதற்கென்று ஒரு கட்டளைச் சட்டம் இருக்கிறது. மூன்றிலும் இலஞ்சம் என்பதற்கு வரைவிலக்கணம் மிக அகலமானது. காசு மட்டும் இல்லை. அன்பளிப்பு, கடன், வேலை, பதவி எல்லாம் அதற்குள் வரும். உங்களுக்குத் தந்தாலும் உங்கள் தம்பிக்குத் தந்தாலும் ஒன்றுதான். வாக்களிக்க வாங்கினாலும் வாக்களிக்காமல் வீட்டில் இருக்க வாங்கினாலும் ஒன்றுதான். கைக்கு வராமல் "சரி, தாங்கோ" என்று ஒப்புக்கொண்டாலே போதும். "எலெக்சன் முடிய வாங்குறன், அப்ப பிழை இல்லை" என்று சிலர் சொல்கிறார்கள். வாக்களித்ததற்காகப் பிறகு வாங்குவதும் குற்றமே.

குற்றவாளியாகக் காணப்பட்டால் தண்டனையோடு சில வருடங்களுக்கு வாக்குரிமையும் தேர்தலில் நிற்கும் உரிமையும் போய்விடும். விற்ற வாக்குக்காக வாக்கையே இழப்பது என்பது இதுதான்.

சொத்து என்ற வாதத்துக்கு வருகிறேன், அதைப் பலரும் உண்மையாகவே நம்புகிறார்கள். வயலை விற்கலாம், ஈடு வைக்கலாம், மகளுக்குச் சீதனமாக எழுதலாம். வாக்கை இதில் எதுவும் செய்ய முடியாது. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரின் கையில் திறப்பு இருக்கிறது. அதற்காகக் கோயில் காணியை அவர் விற்க முடியுமா? திறப்பை அவரிடம் தந்தது ஊர். வாக்கும் அப்படித்தான். அதை வைத்து நீங்கள் தெரிவு செய்பவர் உங்களை மட்டும் ஆளப்போவதில்லை. காசு வாங்காத பக்கத்து வீட்டுக்காரரின் வடிகானும் அவர் கையில்தான் போகிறது.

கிரான்: எங்கள்ள கொஞ்சம் பேர் வாங்கிட்டம் ஐயா. கற்பூரம் கொளுத்திச் சத்தியமும் பண்ண வச்சிட்டாங்க. மாறிப் போட்டா பாவம் வருமெண்டு அம்மா பயப்படுறா.

அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள் தங்கச்சி. தெய்வக் குற்றம் வரும் என்று பயமுறுத்தி ஒருவரின் வாக்கைத் திருப்புவது தனியான குற்றம். தகாத செல்வாக்கு என்று அதற்குப் பெயர். அடி, உதை, பொருள் நட்டம் மட்டுமல்ல, ஆன்மிகத் தீங்கு வரும் என்ற மிரட்டலும் சட்டத்தில் சொல்லால் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே சத்தியம் வாங்கியவர் இரண்டு குற்றம் செய்திருக்கிறார்.

அந்த உடன்பாடு சட்டத்தில் செல்லாது. குற்றம் செய்வதற்கான ஒப்பந்தத்தை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றித் தராது. "வாங்கிட்டு மாறிப் போட்டாய், காசைத் தா" என்று அவரால் வழக்கு வைக்க முடியாது.

மனச்சாட்சியைப் பொறுத்தவரை என் கருத்து இது: பிழையான காரியத்தைச் செய்வேன் என்று சொன்ன சொல் ஒருவரையும் கட்டாது. வாங்கியது பிழை. அதைக் காப்பாற்றுவதற்காகப் பிடிக்காதவருக்குப் போடுவது இரண்டாவது பிழை. ஆனால் "எல்லாரிட்டயும் வாங்குவம், விரும்பின ஆளுக்குப் போடுவம்" என்று அதையே ஒரு வழியாக்குவதை நான் ஏற்கமாட்டேன். நாலு பேரிடம் வாங்கினால் நாலு குற்றம். சந்தையும் அப்படித்தான் உயிரோடு இருக்கிறது. திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். தனியே போகாமல், நம்பிக்கையான இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கொடுங்கள். போக முன்னர் சட்ட உதவி ஆணைக்குழுவில் ஒருமுறை கேட்பது நல்லது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகம் இருக்கிறது. வசதியில்லாதவர்களுக்கு அங்கே கட்டணம் இல்லை.

ஏறாவூர்: யாருக்குப் போட்ட எண்டு தங்களுக்குத் தெரியவரும் எண்டு சொல்றாங்க. உண்மையா, நானா?

உண்மையில்லை. இந்த வியாபாரம் முழுக்க நிற்பது அந்த ஒரு பொய்யில்தான்.

அவர்கள் சொல்லும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலாவது, கைபேசியில் படம் எடுத்து வரச் சொல்வது. வாக்கெடுப்பு நிலையத்துக்குள் படமெடுப்பதும் கைபேசி பாவிப்பதும் தடை. பிடிபட்டால் அகப்படுவது நீங்கள், அனுப்பியவர் இல்லை. அந்தப் படமும் ஒன்றையும் நிரூபிக்காது. தவறுதலாகப் பழுதாகிய தாளைத் தலைமை தாங்கும் அலுவலரிடம் கொடுத்து வேறு தாள் வாங்கலாம் என்பதால், படத்தில் உள்ள தாள்தான் பெட்டிக்குள் போனது என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது, தாளில் ஒரு அடையாளம் போடச் சொல்வது. மூலையில் ஒரு புள்ளி, பெயரின் முதலெழுத்து, இப்படி. வாக்காளரை அடையாளம் காட்டும் குறி இருந்தால் அந்த வாக்கு நிராகரிக்கப்படும். காசு தந்தவருக்கே அது நட்டம். இந்த எளிய விடயம் தரகர்களில் பலருக்குத் தெரியாது.

மூன்றாவது கொஞ்சம் கெட்டித்தனமானது. முதல் ஆள் பெட்டிக்குள் வெறும் கடதாசி ஒன்றைப் போட்டுவிட்டு உண்மையான தாளை வெளியே கொண்டு வருவார். தரகர் அதில் புள்ளடி போட்டு அடுத்த ஆளிடம் கொடுப்பார். அவர் அதைப் போட்டுவிட்டுத் தனக்குக் கிடைத்த வெறும் தாளைக் கொண்டு வருவார். சங்கிலி மாதிரி நாள் முழுக்கப் போகும். வாக்குச்சீட்டை வெளியே எடுத்து வருவது குற்றம். உத்தியோக முத்திரை இல்லாத கடதாசி எண்ணும்போது வெளிப்பட்டுவிடும். கட்சிகளின் முகவர்கள் உள்ளே இருந்து முதலில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொருவரும் மடித்த தாளைப் பெட்டிக்குள் போடுகிறாரா என்பதைத்தான்.

உள்ளூராட்சித் தேர்தலில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. 2018 இலிருந்து வட்டார முறையும் கலந்திருப்பதால் வட்டாரத்தின் முடிவு தனியாகத் தெரிகிறது. "100 பேருக்குக் குடுத்தன், 60தான் வந்திருக்கு" என்று ஒருவர் கணக்குப் பார்க்கலாம். அந்த 40 பேர் யார் என்று அவருக்கு ஒருநாளும் தெரியாது.

சம்மாந்துறை: ஊருக்கு உதவுற ஆள்தான் தாறார். ஹதியா (அன்பளிப்பு) எண்டு எடுத்தா மார்க்கத்தில இடமிருக்கா?

மார்க்கத் தீர்ப்பை உங்கள் உலமாக்களிடம் கேளுங்கள், நான் சட்டக்காரன். ஆனால் லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபிகளார் சேர்த்தே சபித்தார்கள் என்ற ஹதீஸ் உங்களுக்குத் தெரியும். சட்டமும் இரண்டு பேரையும் சேர்த்தே பிடிக்கிறது. ஹதியாவா லஞ்சமா என்று பிரிக்க ஒரு கேள்வி போதும்: தேர்தல் இல்லாவிட்டால், உங்களுக்கு வாக்கு இல்லாவிட்டால், அவர் இதைத் தந்திருப்பாரா?

கொக்கட்டிச்சோலை: வெள்ளத்துக்கு உலர் உணவுப் பொதி, கூரைக்குத் தகரம், இப்ப நுண்கடன் தவணையும் கட்டித் தாறமெண்டு சொல்றாங்க. இதில எது லஞ்சம், எது உதவி?

நுண்கடன் தவணையை முதலில் சொல்கிறேன், அதுதான் எங்கள் பெண்களை அதிகம் மடக்குகிறது. வாக்குக்காகத் தவணை கட்டித் தருவதும், புதிதாகக் கடன் தருவதும், கடனைத் தள்ளுவதும் இலஞ்சம். கிழமைக்கு ஒருமுறை வாசலில் வந்து நிற்கும் கடன்காரனுக்குப் பயந்து வாழும் ஒருவரிடம் "இந்த மாதம் நான் கட்டுறன்" என்பது காசு நீட்டுவதை விடக் கொடுமை. வாங்கிய பெண்ணைக் குற்றவாளி என்று சட்டம் சொன்னாலும், அந்த நிலைமையைப் பாவித்தவர் மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது.

வெள்ள நிவாரணம் பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர் ஊடாக வந்தால் அது உங்கள் உரிமை. வாங்குங்கள், யாருக்கும் நன்றிக்கடன் இல்லை. அதே பொதியில் வேட்பாளரின் படமோ விருப்பு இலக்கமோ ஒட்டியிருந்தால், அல்லது கட்சி அலுவலகத்தில் பெயர் பதிந்து வாங்கச் சொன்னால், படம் எடுத்து முறையிடுங்கள்.

"நான் வென்றால் இந்த வீதியைப் போடுவேன்" என்று மேடையில் எல்லோருக்கும் சொல்வது தேர்தல் வாக்குறுதி, குற்றமில்லை. "நீ போட்டால் உன் மகனுக்கு வேலை" என்பது இலஞ்சம். சாப்பாடும் சாராயமும் வாங்கிக் கொடுத்து வாக்கைத் திருப்புவதற்குத் தனிப் பெயரே சட்டத்தில் உண்டு. உண்டு குடித்தவரும் அதில் வருவார்.

திருக்கோவில்: எங்கட கழகத்துக்கு மட்டையும் பந்தும், கோயிலுக்கு ஒலிபெருக்கியும் தந்தா? ஒருத்தரும் தனக்கெண்டு எடுக்கல்ல.

வாக்கைத் திருப்பும் நோக்கம் இருந்தால் அதுவும் இலஞ்சம்தான். வேறொருவருக்காக வாங்குவதும் வரைவிலக்கணத்துக்குள் வருகிறது. இதில் கூடுதல் பிழை என்னவென்றால், கழகத் தலைவரும் நிர்வாக சபையும் ஊராரின் வாக்கை மொத்தமாக விலை பேசிவிட்டு "ஊர் முடிவு" என்கிறார்கள். ஊருக்கு வாக்கு இல்லை, ஆளுக்குத்தான் உண்டு. எந்த நிர்வாக சபை முடிவும் உங்களைக் கட்டாது.

களுவாஞ்சிகுடி: காசு குடுத்திட்டு, எங்கட அடையாள அட்டையை வாங்கி வச்சிட்டாங்க. எலெக்சன் முடியத்தான் தருவாங்களாம்.

இது வாக்களிக்காமல் தடுக்கும் தந்திரம். எதிர்ப்பக்கம் என்று தெரிந்த வீடுகளில்தான் இதைச் செய்வார்கள். உடனே பொலிஸில் முறையிடுங்கள். அட்டை கைக்கு வராவிட்டாலும் செல்லுபடியான கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதிய அடையாள அட்டை, முதியோர் அடையாள அட்டை ஏதாவது ஒன்றுடன் போகலாம். ஒன்றும் இல்லாதவர்கள் கிராம உத்தியோகத்தரிடம் தேர்தல் ஆணைக்குழுவின் தற்காலிக அடையாள அட்டைக்குக் கேளுங்கள். அதற்கு முற்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், கடைசி நாளில் கிடைக்காது. தபாலில் வரும் வாக்காளர் அட்டை இல்லாவிட்டாலும், இடாப்பில் பெயர் இருந்தால் வாக்களிக்கலாம்.

பொத்துவில்: மகள் குவைத்தில. அவட வாக்காளர் அட்டையைக் கேட்கிறாங்க, 3000 தருவாங்களாம்.

கொடுக்காதீர்கள் உம்மா. அதை வைத்து வேறொரு பிள்ளை உங்கள் மகளாக நடித்து வாக்களிக்கும். அது ஆள்மாறாட்டம். வெளிநாட்டில் இருந்து வாக்களிக்கும் வசதி நமக்கு இன்னும் இல்லாததால் இப்படிப் பெயர்களைத்தான் தேடித் திரிகிறார்கள். அட்டையைத் தந்தவர் என்ற வகையில் நீங்களும் மாட்டுவீர்கள்.

நாவிதன்வெளி: தங்களுக்குப் போடாட்டி அஸ்வெசும உதவிப்பணத்தை வெட்டுவமெண்டு சொல்றாங்க.

வேட்பாளரால் அதை வெட்ட முடியாது. அஸ்வெசும நலன்புரி நன்மைகள் சபையின் கீழ் வருவது, மேன்முறையீட்டு வழியும் உண்டு. அந்த மிரட்டல் தகாத செல்வாக்கு. சொன்னவர் அரச உத்தியோகத்தர் என்றால், தேர்தல் ஆணைக்குழுவுக்குச் சொல்வதோடு இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கும் சொல்லுங்கள்.

கல்முனை: நான் முதல்தடவை நிற்கிறேன். எல்லாரும் குடுக்கிறாங்க. குடுக்காட்டித் தோற்பேன். ஆதரவாளர்கள் குடுத்தா என்னைத் தொடாதுதானே?

தொடும் தம்பி. உங்களுக்குத் தெரிந்தோ சம்மதத்தோடோ ஆதரவாளர் கொடுத்தாலும், உங்கள் முகவராக வேலை செய்தவர் கொடுத்தாலும், தெரிவையே இரத்துச் செய்யக் கேட்கலாம். நாடாளுமன்றத் தேர்தல் என்றால் முடிவு வர்த்தமானியில் வந்து 21 நாளுக்குள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மனுப் போடலாம். முகவர் என்று நிரூபிக்க நியமனக் கடிதம் தேவையில்லை, உங்களுக்காக வேலை செய்ய விட்டீர்களா என்றுதான் பார்ப்பார்கள்.

அடுத்தது 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவினச் சட்டம். வாக்காளர் ஒருவருக்கு இவ்வளவு என்று ஆணைக்குழு உச்சவரம்பு வைக்கும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் அது 109 ரூபா. முடிவு வந்து 21 நாளுக்குள் வரவு செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். தலைக்கு 5000 கொடுத்தவர் அதை எந்த நிரலில் எழுதுவார்? எழுதினால் இலஞ்சம், விட்டால் பொய்க் கணக்கு.

கொடுத்தால் வெல்வேன் என்பதும் நிச்சயமில்லை. தரகரிடம் 5 இலட்சம் போனால் அதில் எவ்வளவு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று உங்களால் விசாரிக்கவே முடியாது, ஏனென்றால் வெளியே கேட்கக்கூடிய காசில்லை அது. வென்றாலும், உறுப்பினரின் கொடுப்பனவில் அதை மீட்க முடியாது. மீட்கும் வழி ஒப்பந்தத்திலும் அனுமதிப்பத்திரத்திலும்தான் இருக்கும். வீதிக்குப் போட வேண்டிய கிரவல் குறைவது அங்கேதான்.

வெல்லாவெளி: முறைப்பாட்டில என்ன எழுத வேணும்? எழுதினா ஒண்டும் நடக்காதெண்டு சொல்றாங்க.

நடக்காமல் போவதற்குக் காரணம் உண்டு. கொடுத்தவரும் வாங்கியவரும் குற்றவாளிகள், ஆகவே இரண்டு பக்கமும் வாய் திறக்காது. அதனால் வாங்க மறுத்தவரின் சாட்சிதான் மிகப் பெறுமதியானது. "எங்கள் ஊரில் காசு கொடுக்கிறார்கள்" என்று மட்டும் எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. திகதி, நேரம், இடம், வந்தவரின் பெயர், வாகன இலக்கம், எந்த வேட்பாளருக்கு, சொன்ன வார்த்தைகள், நீட்டிய தொகை அல்லது பொருள், பக்கத்தில் நின்றவர்கள். அன்றிரவே எழுதுங்கள், இரண்டு நாள் போனால் நேரமும் வார்த்தையும் மாறிவிடும். பொதி, துண்டுப்பிரசுரம், குரல் பதிவு இருந்தால் அழிக்காமல் வையுங்கள். முகநூலில் முதலில் போடாதீர்கள், போட்டால் ஆட்கள் உஷாராகிப் பொருளை மாற்றிவிடுவார்கள். மாவட்டச் செயலகத்தில் தேர்தல் காலத்தில் இயங்கும் முறைப்பாட்டு நிலையத்துக்கு ஒரு பிரதி, பொலிஸுக்கு ஒன்று, பவ்ரல் போன்ற கண்காணிப்பு அமைப்புக்கு ஒன்று. மூன்றிலும் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பிறகு விசாரிக்கும்போது அந்த இலக்கம் இல்லாவிட்டால் கடிதத்தையே தேடிப் பிடிக்க முடியாது.

அதே ஊர்: அப்பாவால நடக்க ஏலாது. கட்சிக்காரரின் ஓட்டோவில போகலாமா?

வேண்டாம். வாக்காளரை ஏற்றி இறக்க வேட்பாளர்கள் வாகனம் கொடுப்பது தடை. நடக்க முடியாதவருக்கு வாகனத்தில் போக அனுமதி தருமாறு தெரிவத்தாட்சி அலுவலரிடம் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். கிராம உத்தியோகத்தர் வழி காட்டுவார்.