வீட்டு மிளகாய்த் தூள் ஏன் கட்டி தட்டுகிறது?

கேள்வி: வருடத்துக்கு ஒருமுறை மூன்று கிலோ வத்தல் வாங்கி மில்லில் அரைக்கிறோம். அம்மா காம்போடு அரைக்கச் சொல்கிறார். மாமியார், காம்பைக் கிள்ளி வறுத்து அரைத்தால்தான் தாங்கும் என்கிறார். நாத்தனார், வெயிலில் காய்ந்தாலே போதும் என்கிறார். போன முறை அரைத்தது மூன்றே மாதத்தில் கட்டி தட்டி வண்டு வைத்துவிட்டது. யார் சொல்வது சரி? மீதியைச் சலித்துப் பயன்படுத்தலாமா?
– திருப்பூர் வாசகி

பதில்: உங்கள் தூளைக் கெடுத்தது ஈரம். மிளகாயில் ஈரப்பதம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அரசு வைத்திருக்கும் அளவு. வீட்டில் அதற்குக் கருவி தேவையில்லை. ஒரு வத்தலைக் காம்புக்குச் சற்றுக் கீழே வளைத்துப் பாருங்கள். கடைசியாகக் காயும் இடம் அதுதான். சடக்கென்று உடைந்து விதை கொட்டினால் சரி. மடங்கிக்கொடுத்தால் இன்னொரு வெயில் வேண்டும்.

காம்போடு காய வையுங்கள், அரைக்கும் நாளில் கிள்ளுங்கள். காம்பு இருக்கும்வரை தூசியும் பூச்சியும் உள்ளே போவது கடினம். சேர்த்து அரைத்தால் எடைதான் கூடும். காரமோ நிறமோ கூடாது.

வெறும் மிளகாய்த் தூளுக்கு வறுக்க வேண்டாம், நிறம் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் அரைக்க நேர்ந்தால் மட்டும் வேறு வழியில்லை. அப்போது கனமான வாணலியில், சிறு தீயில், இரண்டு கைப்பிடியாகப் போட்டுப் புரட்டுங்கள். தொட்டால் சுட வேண்டும், அவ்வளவுதான். நெடி ஏறித் தும்மல் வந்துவிட்டால் கருகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆறியதும் அன்றைக்கே அரைத்துவிடுங்கள். ராத்திரி திறந்து வைத்தால் மழைக்காற்றிலுள்ள ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும். மில் பூட்டியிருந்தால் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, மறுநாள் மறுபடி உடைத்துப் பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள்.

அப்புறம், மில்லில் தூள் சூடாகத்தான் விழும். அதை அப்படியே தூக்கில் போட்டு மூடினால் மூடியின் உட்புறம் முத்து முத்தாக வேர்த்துச் சொட்டும். உங்கள் வீட்டில் கட்டி தட்டியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். நிழலில் பரப்பி, நன்றாக ஆறிய பிறகு அடையுங்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் வத்தலிலேயே ஏமாந்துவிடுகிறோம். எடை கூட, மூட்டையில் தண்ணீர் தெளிக்கிறார்கள். பழைய சரக்கு பளபளக்க எண்ணெய் தடவுகிறார்கள். குளிர்பதனக் கிடங்கில் கிடந்த போன வருடத்துச் சரக்கைப் புது வத்தல் என்கிறார்கள். தரகர் மேலே காட்டும் கைப்பிடியைப் பார்த்து விலை பேசாதீர்கள். அடியில் கைவிட்டு எடுங்கள். வெள்ளைத் தாளில் தேய்த்தால் எண்ணெய்க் கறை படுகிறதா என்று பாருங்கள். புது வத்தல் வரத்து மாசி, பங்குனியில்தான். அப்போதே வாங்குங்கள்.

தூளாக விற்பதை உதிரியாக வாங்கவே வாங்காதீர்கள். பொட்டலம் கட்டாத மசாலாத் தூளை விற்கக் கூடாது என்று 2011 உணவுப் பாதுகாப்பு விதிமுறையிலேயே இருக்கிறது. ஆனாலும் சந்தைக்குச் சந்தை சாக்கைத் திறந்து வைத்து அளந்து கொடுக்கிறார்கள். தடுக்க வேண்டியவர்கள் அந்த வழியாகத்தான் தினமும் போகிறார்கள். தண்ணீரில் தூவிச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்தால் போதும் என்று நம்மிடம் சொல்கிறார்கள். ஆனால் தூள் சிவப்பாகத் தெரியக் கலக்கும் ‘சூடான்’ என்ற செயற்கைச் சாயம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். 2005இல் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வைத்த சாயம் அது. டம்ளர் தண்ணீரில் தெரியாது, ஆய்வகத்தில்தான் தெரியும்.

மீதியிருக்கும் தூளைக் கொட்டிவிடுங்கள். வண்டைச் சலித்து எடுக்கலாம். ஆனால் ஈரத்தில் பூஞ்சை பிடித்திருந்தால் அதன் நஞ்சு சல்லடையில் தங்காது, வறுத்தாலும் போகாது. அடுத்த முறை ஒரு கிலோ மட்டும் அரையுங்கள். மீதி வத்தலாகவே டப்பாவில் இருக்கட்டும்.