தாருக்கு எத்தனை பவுண்டு விஞ்ச்? முதலில் ஒரு கப்பி வாங்குங்கள்

கேள்வி: "புதிய மஹிந்திரா தார் ஜீப் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் மலைப்பாதைகளில் ஓட்டுவதற்காக விஞ்ச் பொருத்த விரும்புகிறேன். எத்தனை பவுண்டு திறன் வேண்டும்? கம்பி வடமா, நைலான் வடமா? வாங்கிய பிறகு எப்படிப் பராமரிப்பது?"

வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்ட வண்டிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் பாதைகளில் ஜிப்சியோ பொலிரோவோ ஏதாவது ஒன்று புதைந்தபடியே இருக்கும். மோட்டாரால் டிரம்மில் வடத்தைச் சுற்றி, புதைந்த வண்டியை வெளியே இழுக்கும் விஞ்ச் எங்களுக்கு அன்றாடக் கருவி, வண்டிக்கு முகப்பு அழகு அல்ல. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: பவுண்டு எண்ணைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது தேவைக்கு மிக அதிகம். மற்றவற்றைப் பற்றிக் கவலைப்படுவது மிகக் குறைவு.

பெட்டியின் மேல் 9,500 பவுண்டு என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். நம் கணக்கில் சுமார் 4,300 கிலோ. எண் பொய்யில்லை. ஆனால் டிரம்மில் ஒரே ஓர் அடுக்கு வடம் மிச்சமிருக்கும்போது கிடைக்கும் இழுவிசை அது. அடுக்கு ஏற ஏற ஆரம் கூடுகிறது. மோட்டாரின் முறுக்குவிசை அதேதான் என்பதால் இழுவிசை இறங்குகிறது. ஒவ்வோர் அடுக்குக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் போய்விடும். முழுக்கச் சுற்றியிருக்கும் மேல் அடுக்கில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். மரம் பக்கத்திலேயே கிடைத்துவிட்டது என்று நான்கு மீட்டர் வடத்தை மட்டும் இழுத்து மாட்டுகிறவர் உண்மையில் ஆறாயிரத்துச் சொச்சம் பவுண்டு விஞ்சைத்தான் பயன்படுத்துகிறார்.

திறனைத் தேர்ந்தெடுக்கப் பொதுவாகச் சொல்லப்படும் விதி, ஆள், சாமான் எல்லாம் சேர்ந்த மொத்த எடையைப்போல் ஒன்றரை மடங்கு. மாருதி ஜிம்னிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545 கிலோ. கணக்கு 5,100 பவுண்டில் வந்து நிற்கும், ஆறாயிரம் பவுண்டு விஞ்ச் போதும். உங்கள் தார் ஆளும் கூடாரமும் ஏறினால் இரண்டு டன்னைத் தாண்டிவிடும். 2.2 டன் என்று வைத்துக்கொண்டால் 7,300 பவுண்டு. எனவே 8,000-இலிருந்து 9,500 வரை எது நல்ல தயாரிப்பாகக் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். 12,000 பவுண்டு விஞ்சைத் தாரில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முன் அச்சின் மேல் வீண் பாரம் ஏற்றியதுதான் மிச்சம்.

"சேற்றில் ஆழமாகப் புதைந்தால் போதுமா?" என்று கேட்பீர்கள். போதாது. அமெரிக்க ராணுவத்தின் வண்டி மீட்புக் கையேடுகளில் ஒரு கணக்கு உண்டு. சக்கர அளவுக்குப் புதைந்தால் சேற்றின் தடை வண்டியின் எடைக்குச் சமம். சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டர் தகடு வரை புதைந்தால் எடையைப்போல் இரண்டு மடங்கு. கேபின் வரை என்றால் மூன்று மடங்கு. ஃபெண்டர் வரை புதைந்த உங்கள் தாருக்கு 4.4 டன், அதாவது 9,700 பவுண்டு தேவை. புத்தம்புது 9,500 விஞ்ச் முதல் அடுக்கிலேயே தோற்றுவிடும். இதற்கு விடை பெரிய விஞ்ச் அல்ல, ஒரு கப்பி.

பக்கத் தகடு திறந்து வடத்தை நுழைத்துக்கொள்ளும் இரும்புக் கப்பியை மரத்தில் நாடாப்பட்டை போட்டு மாட்டுகிறீர்கள். வடம் விஞ்சிலிருந்து போய்க் கப்பியைச் சுற்றி, வண்டியின் முன்கொக்கிக்கே திரும்பி வருகிறது. இப்போது வண்டியை இரண்டு இழைகள் இழுக்கின்றன. உராய்வில் கொஞ்சம் போனாலும் ஏறக்குறைய இரட்டிப்பு விசை, வேகம் பாதி. அதே 4.4 டன்னுக்கு விஞ்சின் மேல் விழுவது 2.2 டன்தான். இரண்டு மடங்கு வடம் வெளியே போவதால் டிரம்மின் உள் அடுக்குகளில் வேலை நடக்கிறது, மோட்டார் குறைவாகச் சுடுகிறது, பேட்டரி பிழைக்கிறது. விஞ்சின் விலையோடு ஒப்பிட்டால் கப்பியின் விலை அற்பம். ஆனால் விஞ்ச் பொருத்திக்கொண்டு எங்கள் மலைக்கு வரும் வண்டிகளில் பாதியில் கப்பியே இருப்பதில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. வண்டியின் மேல் விழும் முழு விசையும் மரத்தின் மேலும் விழுகிறது. ஆகவே கப்பி, மரத்தில் போடும் நாடாப்பட்டை, இரண்டையும் பூட்டும் ஷாக்கிள் என்ற U வடிவ இரும்பு வளையம் மூன்றும் விஞ்சின் திறனைப்போல் இரண்டு மடங்கைத் தாங்க வேண்டும். ஷாக்கிளில் 4.75 டன் என்று பொறித்திருந்தால் அது பாதுகாப்பான வேலைச் சுமை. நல்ல தயாரிப்பில் உடையும் சுமை அதைப்போல் ஆறு மடங்கு இருக்கும். எதுவுமே பொறிக்காத பளபளப்பான ஷாக்கிளை நகைக்கடையில்கூட வாங்காதீர்கள். மரத்தின் அடிப்பகுதியில், வேருக்கு அருகே, அகலமான நாடாப்பட்டையைப் போடுங்கள். வடத்தை நேரடியாக மரத்தில் சுற்றினால் பட்டை உரிந்து மரம் சாகும், வடமும் நசுங்கும்.

இனி மின்சாரம். 9,500 பவுண்டு விஞ்ச் முழுச் சுமையில் 400 ஆம்பியருக்கு மேல் குடிக்கும். ஆல்டர்னேட்டர் தருவது அதில் நான்கில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. மீதி முழுவதும் பேட்டரியிலிருந்து போகிறது. 400 ஆம்பியரில் ஐந்து நிமிடம் விடாமல் இழுத்தால் 33 ஆம்பியர்-மணி, ஒரு சாதாரண பேட்டரியில் பாதி. நடைமுறையில் அதற்கு முன்பே மின்னழுத்தம் சரிந்து, மோட்டார் தடுமாறி, சூடேறி நிற்கும். என்ஜினை அணைக்காதீர்கள். ஒரு நிமிடம் இழுத்தால் சில நிமிடம் ஓய்வு கொடுங்கள். மோட்டாரின் மேல் கை வைக்க முடியவில்லை என்றால் தேநீர் குடிக்கப் போய்விடுங்கள். கோவாவில் 2014-இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்ற மழைக்காலக் காட்டுப்பாதை வண்டிப் போட்டியின் காணொளிகளைப் பார்த்துவிட்டு அந்த வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். அவை போட்டிக்கென்றே கட்டிய வண்டிகள்.

மோட்டாரில் இரண்டு வகை. நிலைக்காந்தம் வைத்தது மலிவு, இலேசான வேலைக்குக் குறைந்த மின்சாரம் போதும், ஆனால் சீக்கிரம் சூடாகிச் சோர்ந்துவிடும். சீரிஸ் சுற்று மோட்டார் மின்சாரத்தை வாரிக் குடித்தாலும் நீண்ட இழுப்பைத் தாங்கும். மழைமலைக்கு இரண்டாவதுதான். கூடவே பேட்டரியிலிருந்து வரும் கேபிளில் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு துண்டிப்பு சுவிட்சு வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சோலனாய்டு சுவிட்சின் தொடுமுனைகள் தீப்பொறியில் ஒட்டிக்கொண்டால் ரிமோட்டிலிருந்து கையை எடுத்த பிறகும் விஞ்ச் இழுத்துக்கொண்டேயிருக்கும். அந்த நேரத்தில் பானட்டைத் திறந்து ஸ்பானர் தேட முடியாது.

வடத்துக்கு வருகிறேன். நீங்கள் நைலான் என்று எழுதியிருப்பது வேறு பொருள். நைலான் கயிறு நீளும். இன்னொரு வண்டி ஓடிவந்து வெட்டி இழுக்கும் மீட்புக் கயிறு அது. விஞ்சில் சுற்றுவது டைனீமா போன்ற உயர்வலிமை பாலிஎத்திலீன் இழை. ஏறக்குறைய நீளாது, நீரில் மிதக்கும். 25 மீட்டர் கம்பி வடம் எட்டு ஒன்பது கிலோ என்றால் இது இரண்டு கிலோவைத் தொடாது. அறுந்தாலும் கம்பியைப்போல் சீறிக்கொண்டு வராது. அறுந்த இடத்தைக் காட்டிலேயே கையால் பின்னி இணைத்துக்கொள்ளலாம். எதிரிகள் மூன்று: வெயில், இழைகளுக்குள் புகும் மணல், சூடு. இந்த இழை 150 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். வலிமை அதற்கு வெகு முன்பே குறையத் தொடங்கும். பெரும்பாலான விஞ்சுகளில் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருப்பதால், சரிவில் வண்டியைத் தொங்கவிட்டு மெல்ல இறக்கும்போது டிரம் கொதித்து, அடி அடுக்கு வடம் வெந்துபோகும்.

தினமும் கல்லிலும் கட்டையிலும் உரசும் எங்கள் தோட்ட வண்டிகளில் இன்னும் கம்பி வடம்தான். வார இறுதியில் ஓட்டும் உங்களுக்குச் செயற்கை இழையே பொருத்தம் என்பது என் கருத்து. அதற்கு, டிரம்முக்கு முன்னால் வடம் நுழைந்து வரும் இடத்தில் அலுமினிய வழிகாட்டி வேண்டும். கம்பி ஓடி ஓடிப் பிசிறு கிளம்பிய பழைய உருளைகளில் அதை ஓட்டினால் ஒரே நாளில் நார்நாராகிவிடும்.

பொருத்துவதில் ஒரே விஷயம்: விஞ்சைத் தாங்கும் தகடு சேஸிஸ் சட்டங்களில் உயர்வலிமை போல்ட்டுகளால் பூட்டப்பட வேண்டும், பம்பர் தகரத்தில் அல்ல. பம்பருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கூண்டோடு சேர்த்து விற்பார்கள், வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டி, கிராஷ் கார்டு எனப்படும் இத்தகைய கூண்டுகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. ஏர்பேக் சென்சாரின் வேலையையும் அந்தக் கூண்டு கெடுக்கும். பம்பருக்குப் பின்னால் ஒளியும் தகடு கிடைக்கிறது.

இழுக்கும்போது ஒருவர் மட்டுமே கட்டளை கொடுக்கட்டும். வெளியே போயிருக்கும் வடத்தின் நீளத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. கம்பி வடமானால் நடுவில் நனைந்த சாக்கைப் போடுங்கள், அறுந்தால் பாய்ச்சலை அடக்கும். கையுறை கட்டாயம். கம்பி டிரம்மில் குறைந்தது ஐந்து சுற்றும், செயற்கை இழை எட்டுப் பத்துச் சுற்றும் மிச்சமிருக்க வேண்டும். சுமையைத் தாங்குவது அந்தச் சுற்றுகளின் பிடிப்பு. வடத்தின் நுனியை டிரம்மில் பூட்டும் சிறு திருகு எதையும் தாங்காது.

பராமரிப்பு என்றால் பலர் கழுவித் துடைப்பது என்று நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்து விஞ்சுகள் வேலை செய்து கெடுவதைவிடச் சும்மா இருந்து கெடுவதுதான் அதிகம். ஜனவரியிலிருந்து மே வரை தொடாமல் விட்டால் சோலனாய்டுக்குள் பச்சை பூக்கும், மோட்டாரின் கார்பன் பிரஷ் ஒட்டிக்கொள்ளும், டிரம்மை விடுவிக்கும் கிளட்ச் நெம்புகோல் அசையாது. மாதம் ஒருமுறை வடம் முழுவதையும் வெளியே இழுத்து, இலேசான ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சமாகப் போட்டுவைத்த வண்டியையே இழுத்துச் சுற்றுங்கள். சுமையில்லாமல் சுற்றிய வடம் தளர்வாக இருக்கும். பெரிய இழுப்பு வரும்போது மேல் சுற்று அடிச் சுற்றுகளுக்குள் புதைந்து பூட்டிக்கொள்ளும். புது விஞ்சுக்கும் முதல் வேலை இதுதான், கடையில் சுற்றிக் கொடுத்ததை நம்ப வேண்டாம்.

ஓடையில் இறங்கி ஏறிய நாளில் வீடு திரும்பியதும் சுமையில்லாமல் ஒரு நிமிடம் ஓட்டி மோட்டாரைச் சூடாக்குங்கள், உள்ளே நின்ற ஈரம் போகும். உயர் அழுத்த நீரைச் சீல்களின் மேல் பாய்ச்சாதீர்கள். செயற்கை வடத்தைக் கழற்றி வாளி நீரில் மிதமான சோப்புப் போட்டு அலசி நிழலில் உலர்த்துங்கள். கம்பி வடத்தைத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசினால் போதும். கிரீஸ் பூசினால் மண்ணைச் சேர்த்துவைத்துக்கொள்ளும். மின்முனைகளில் வாசலின் தடவுங்கள். மழை முடிந்ததும் கியர் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கிரீஸ் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. துடைத்து, சீலை மாற்றி, புதிய கிரீஸ் வையுங்கள். பிரேக் பகுதியில் ஒரு துளிகூடப் படக் கூடாது.

பழைய விஞ்ச் வாங்கும் எண்ணம் இருந்தால், விற்பவர் சுமையில்லாமல் ஓட்டிக் காட்டுவதைப் பொருட்படுத்த வேண்டாம். சரிவில் ஒரு வண்டியை மாட்டி, பாதியில் நிறுத்தச் சொல்லுங்கள். வடம் ஓர் அங்குலம்கூடப் பின்னால் நழுவாமல் பிடித்துக்கொண்டால் மட்டும் விலை பேசுங்கள்.