அமைப்புச் சிந்தனை (பகுதிகளைத் தனித்தனியாக இல்லாமல் சேர்த்துப் பார்ப்பது), தகவல் தத்துவம் (தகவல் என்றால் என்ன என்று கேட்பது), துறைகடந்த ஆய்வு: இதெல்லாம் நடைமுறையில் எங்காவது உதவியிருக்கிறதா?

உதவியிருக்கிறது. யார் கேட்டாலும் நான் சொல்வது பாலித் தீவின் நெல்வயல்களைத்தான்.

அங்கே ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சும் விவசாயிகளின் சங்கத்துக்குச் சுபக் என்று பெயர். எப்போது நடுவது, எப்போது வயலைத் தரிசாகப் போடுவது என்பதை நீர்க்கோயில்களில் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். 1970களில் பசுமைப் புரட்சி வந்தது. குறுகிய கால ரகங்களைக் கொடுத்து, கோயில் கணக்கைப் பார்க்காமல் முடிந்தபோதெல்லாம் நடச் சொன்னார்கள். தண்ணீர்த் தகராறு தொடங்கியது. வருடம் முழுக்க எங்காவது நெல் நின்றதால் நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சிக்குக் கொண்டாட்டம்!

மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் சேர்ந்து, இரண்டு ஆறுகளை ஒட்டிய 172 சுபக்குகளைக் கணினியில் மாதிரியாக்கினார்கள். சிக்கல் இதுதான்: எல்லோரும் ஒரே சமயத்தில் நட்டு அறுத்தால் பூச்சிக்குத் தீனி இருக்காது, ஆனால் தண்ணீர் பற்றாது. தள்ளித் தள்ளி நட்டால் தண்ணீர் பற்றும், பூச்சி பெருகும். சரி, தலைமடைக்காரர் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? அவருக்குத் தண்ணீர்ப் பயம் இல்லை, பூச்சிப் பயம் உண்டு. கடைமடை வயலும் கூடவே தரிசாகக் கிடந்தால்தான் அவர் பயிர் தப்பும். மாதிரியில் ஒவ்வொரு சுபக்கையும் நல்ல மகசூல் எடுத்த பக்கத்துச் சுபக்கின் அட்டவணையைப் பின்பற்ற விட்டார்கள். மேலிருந்து எந்த உத்தரவும் இல்லாமலே கோயில் குழுக்களை ஒத்த அமைப்பு உருவாகிவிட்டது.

தகவல் தத்துவம் எங்கே வருகிறது என்றால், 1948இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் தகவலை அளக்க வழி சொன்னபோது அர்த்தத்தை ஒதுக்கி வைத்தார். தொலைபேசிக் கம்பிக்கு அது போதும். மானுடவியலாளர் கிரெகரி பேட்சனோ (1936இல் பாலிக்கே போய் ஆய்வு செய்தவர்) வேறுபாட்டை உண்டாக்கும் வேறுபாடுதான் தகவல் என்றார். உடனே ‘யாருக்கு?’ என்ற கேள்வி வந்துவிடுகிறது. கோயில் நாள்காட்டி பாசனப் பொறியாளருக்கு வெறும் சடங்கு, விவசாயிக்கோ தண்ணீர் வரும் நாள். அது தகவல்தான் என்று கண்டுகொள்ள மானுடவியல் வேண்டியிருந்தது. அந்த நாள்காட்டி பூச்சியை என்ன செய்கிறது என்று பார்க்கச் சூழலியல் வேண்டியிருந்தது.

எதிர்ப்பும் உண்டு. லான்சிங்கும் கிரெமரும் செய்த கணினி மாதிரி பாலியின் அரசர்களையும் டச்சு ஆட்சியையும் கணக்கில் எடுக்கவில்லை என்று 1999இல் மானுடவியலாளர் ஸ்டெஃபன் ஹெல்ம்ரைக் விமர்சித்தார். நியாயமான குறைதான். ஆனால் தலைமடைக்காரர் ஏன் தண்ணீரை விடுகிறார் என்பதற்குப் பூச்சிக் கணக்கைவிட நல்ல விளக்கத்தை நான் இன்னும் படிக்கவில்லை.