கேன்சர் மாத்திரைக்குப் பதில் மூலிகை நானோ சொட்டு மருந்து கொடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் தக்கலை பக்கம். அப்பாவுக்கு 71 வயது. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள். அதோடு தினமும் அபிராடெரோன் நான்கு மாத்திரை, பிரெட்னிசோலோன் ஒன்று. எல்லாவற்றையும் காலை ஆப்பம் சாப்பிட்டதும் ஒன்றாகப் போட்டுவிடுவார். புராஸ்டேட் புற்றுநோயைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவு நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டு என்று யாரோ சொன்னதிலிருந்து பயப்படுகிறார். செடிகளிலிருந்து எடுக்கும் நானோ துகள்கள் புராஸ்டேட் புற்றுநோயை அழித்து, ஸ்டீராய்டு ஹார்மோன் உற்பத்தியையும் குறைக்கின்றன என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. தெரிந்த ஒருவர் ‘மூலிகை நானோ’ சொட்டு மருந்து என்று ஒரு பாட்டில் தந்திருக்கிறார். அதில் அதிமதுரமும் உண்டாம். மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கலாமா?

பதில்: மாத்திரை எதையும் நிறுத்தாதீர்கள். சொட்டு மருந்தையும் ஆரம்பிக்க வேண்டாம். பிரெட்னிசோலோனைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். ஏனென்று சொல்கிறேன், அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது. 1941-லேயே சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் இதைக் காட்டினார், 1966-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இந்த ஹார்மோனில் பெரும்பகுதி விரைகளில் சுரக்கிறது. அப்பாவுக்குப் போடும் ஊசி அதை நிறுத்திவிடும். மிச்சம் கொஞ்சம், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளிலிருந்து வருகிறது. சில சமயம் புற்றுக்கட்டியே தனக்கு வேண்டியதைத் தயாரித்துக்கொள்ளும். இந்த எல்லா இடத்திலும் ஹார்மோன் உருவாக சிஒய்பி17 என்ற ஒரு நொதி வேண்டும். அபிராடெரோன் தடுப்பது அந்த நொதியைத்தான். ஹார்மோன் உற்பத்தியைக் குறைப்பதாக வாட்ஸ்அப் செய்தி சொல்கிறதே, அந்த வேலையை அப்பாவின் மாத்திரை இன்றைக்கே செய்துகொண்டிருக்கிறது. பிஎஸ்ஏ குறைந்திருப்பது அதைத்தான் காட்டுகிறது.

இப்போது அவருடைய பயத்துக்கு வருகிறேன். டெஸ்டோஸ்டிரோன், நோய், காயம் போன்ற நெருக்கடியில் உடம்பைத் தாங்கும் கார்டிசால், உடலில் உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டிரோன் எல்லாமே கொலஸ்ட்ராலிலிருந்து உருவாகும் ஸ்டீராய்டு ஹார்மோன்கள்தான். சிஒய்பி17-ஐத் தடுக்கும்போது கார்டிசாலும் குறைந்துவிடும். உடனே மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி, அட்ரினலை இன்னும் வேலை செய்யச் சொல்லித் தூண்டும். அதில் உப்பைத் தேக்கும் ஹார்மோன்கள் கூடிவிடும். பிரஷர் ஏறும், ரத்தத்தில் பொட்டாசியம் குறையும், காலில் நீர் கோக்கும். இதெல்லாம் வராமலிருக்கத்தான் சிறிய அளவில் பிரெட்னிசோலோன் கொடுக்கிறார்கள். உடம்பு தானே செய்ய வேண்டிய கார்டிசாலின் இடத்தை அது நிரப்புகிறது. அவர் பயப்படும் மாத்திரை, அவரைப் பாதுகாக்கும் மாத்திரை.

அந்தப் பாட்டிலில் எனக்கு அதிகம் கவலை தருவது அதிமதுரம். தொண்டைக்கட்டுக்கு எப்போதாவது ஒரு துண்டு வாயில் அடக்குவது வேறு. தினமும் சாறாக உள்ளே போனால் அதுவும் பிரஷரை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்கும். அபிராடெரோனின் பக்கவிளைவும் அதுவேதான். 71 வயது இதயம் இரண்டையும் சேர்த்துத் தாங்க வேண்டுமா?

சரி, செடி நானோ துகள் பற்றிய ஆராய்ச்சியே பொய்யா? இல்லை. செடிகளின் செல்களும் கொழுப்பு உறை போர்த்திய மிக நுண்ணிய பைகளை வெளியிடுகின்றன. தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர், இந்தப் பைகள் பெரும்பாலும் சில நூறு நானோமீட்டருக்குள் அடங்கும். இஞ்சி, எலுமிச்சை போன்றவற்றிலிருந்து இவற்றைப் பிரித்தெடுத்துச் சோதிக்கிறார்கள். இலைச்சாற்றைக் கொண்டு வெள்ளி நானோ துகள் தயாரிப்பது வேறு வகை. அதில் உள்ளே போவது வெள்ளி, அது நல்ல செல்லையும் கொல்லும். இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை ஆய்வகத் தட்டில் வளர்க்கும் செல்களில் நடப்பவை. தட்டில் துகள் நேராகச் செல்லின் மேல் விழுகிறது. மனித உடலுக்குள் வயிற்று அமிலத்தைத் தாண்டி ரத்தத்துக்கு வந்தாலும், நானோ துகள்களில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும். செடியிலிருந்து எடுத்த இந்த நுண்பைகளில் ஒன்றுகூடப் புராஸ்டேட் புற்றுநோய்க்கு மருந்தாக இன்னும் அனுமதி பெறவில்லை. அப்படியிருக்க, பாட்டிலில் இருப்பது என்ன என்பதற்கு யார் பொறுப்பு?

அமெரிக்காவில் பிசி-ஸ்பெஸ் என்று ஒரு மூலிகைக் கலவை விற்றார்கள். சாப்பிட்டவர்களுக்குப் பிஎஸ்ஏ உண்மையிலேயே குறைந்தது, மருத்துவர்களும் ஆர்வமாக ஆய்வு செய்தார்கள். பிறகு பரிசோதித்தால், அதில் செயற்கைப் பெண் ஹார்மோனும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினும் கலந்திருந்தன. 2002-ல் திரும்பப் பெற்றார்கள். அதனால் “இதைக் குடித்துப் பிஎஸ்ஏ இறங்கியது” என்று யாராவது சொன்னால், அதை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள்.

மூலிகைக்குப் பேர்போன மருந்துவாழ்மலை இருக்கும் கன்னியாகுமரி மாவட்டம் நம்முடையது. மூலிகையை நான் குறைத்துப் பேசவில்லை. புராஸ்டேட் புற்றுநோய்க்கு 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டோசிடாக்செல், யூ மரத்தின் ஊசியிலையில் கிடைக்கும் பொருளிலிருந்து வந்ததுதான். அதே மர வகையின் பாக்லிடாக்செல் என்ற மருந்தை ஆல்புமின் என்ற புரதத்தின் நானோ துகளில் ஏற்றித் தயாரித்ததும் 2005 முதல் மார்பகப் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது. செடியும் நானோவும் சேர்ந்து மருந்தாக முடியும். அளவும் பாதுகாப்பும் மனிதர்களில் சோதித்து உறுதியான பிறகு, உங்கள் டாக்டரே எழுதிக் கொடுப்பார்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. அபிராடெரோனை ஆப்பத்தோடு போடக் கூடாது. கொழுப்பு நிறைந்த சாப்பாட்டோடு போட்டால் 10 மடங்கு வரைகூட ரத்தத்தில் ஏறிவிடும். எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஆப்பம். பிரெட்னிசோலோன் அதற்குப் பிறகு. செலவைக் குறைக்க, லேசான காலை உணவோடு ஒரே மாத்திரை கொடுக்கும் முறையும் உண்டு. ஆனால் அதை நீங்களாகச் செய்யக் கூடாது. பணம்தான் சிரமம் என்றால் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் என்ன கிடைக்கும் என்றும் விசாரியுங்கள்.

இத்தனை நாள் சாப்பாட்டோடு போட்டிருப்பதால், இந்த வாரமே பிரஷர், பொட்டாசியம், கல்லீரல் பரிசோதனை மூன்றையும் பார்த்துவிடுங்கள். பாட்டிலையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். கண் மஞ்சளானாலோ கால் வீங்கினாலோ அடுத்த ஊசிவரை காத்திருக்க வேண்டாம். முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, இரவானாலும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்கோ, அவர் சிகிச்சை பெறும் மருத்துவமனைக்கோ உடனே கூட்டிப்போங்கள். தண்டுவடம் அழுந்துவதன் அறிகுறியாக அது இருக்கலாம், காலைக் காப்பாற்ற மணிக்கணக்கில்தான் நேரம் இருக்கும்.