சொல்லின் மூலத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டால் சொல்லே மாறிவிடுமா?

மாறிவிடும். எழுத்து மாறும், பொருள் மாறும், சில நேரம் புதுச் சொல்லே பிறந்துவிடும்.

எனக்குப் பிடித்தது மணமகனைக் குறிக்கும் ஆங்கில ‘பிரைட்குரூம்’. பழைய ஆங்கிலத்தில் அது ‘பிரூட்குமா’. ‘குமா’ என்றால் ஆள். அதாவது மணப்பெண்ணின் ஆள். நாளடைவில் ‘குமா’ வழக்கொழிந்தது. இந்த வால் என்னவென்றே புரியாமல் போனதால், 16ஆம் நூற்றாண்டு வாக்கில் ஒலியில் கிட்டே வந்த ‘குரூம்’ அங்கே ஒட்டிக்கொண்டது. குரூம் என்றால் பையன், வேலைக்காரன், அப்புறம் குதிரை லாயக்காரன். கூத்து அதோடு நிற்கவில்லை. நீளமான சொல்லைச் சுருக்கி வெறும் ‘குரூம்’ என்றே சொல்லத் தொடங்கினார்கள். லாயக்காரன் மாப்பிள்ளை ஆகிவிட்டான்!

இந்தப் போக்குக்கு ‘மக்கள் சொற்பிறப்பு’ என்ற பொருளில் 1852இல் ஜெர்மன் மொழியில் பெயர் வைத்தவர் எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டெமான். அவர் மொழியிலேயே நல்ல உதாரணம் உண்டு. இரு முனையிலும் கட்டிப் படுக்கும் வலைத் தொட்டிலுக்குக் கரீபியத் தீவுகளின் டைனோ மொழியில் ‘ஹமாக்கா’ என்று பெயர். ஸ்பானியர் வழியாக வந்த அந்தச் சொல் டச்சிலும் ஜெர்மனிலும் ‘தொங்கு பாய்’ என்று பொருள்படும்படி உருமாறியது. பொருளும் பொருந்துகிறதே, யார் சந்தேகப்படுவார்கள்?

மக்கள் என்றதும் படிக்காதவர்கள் என்று நினைக்க வேண்டாம். ‘ஐலண்ட்’ சொல்லில் உச்சரிக்காத எஸ் ஒன்று உட்கார்ந்திருக்கிறதே, அது படித்தவர்கள் வேலை. லத்தீன் ‘இன்சுலா’விலிருந்து வந்த, அதே தீவைக் குறிக்கும் ‘ஐல்’ இதற்கு உறவு என்று நம்பிச் சேர்த்தார்கள். உறவே கிடையாது.

நம் பக்கம் மயிலாடுதுறையைப் பாருங்கள். மயிலை வடமொழி மயூரமாக்கி, ஊர் மாயூரம் ஆனது. பேச்சில் அதுவே மாயவரம் ஆனபோது மயில் பறந்துவிட்டது. காதில் விழுவது மாயமும் வரமும்தான். பழைய பெயர் 1982இல் திரும்பி வந்தது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் சொல்மூலக் கதைகளைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. படித்துவிட்டு எல்லோரும் பழையபடியே பேசுகிறார்கள். யோசிக்காமல் தப்பான இடத்தில் பிரிப்பதுதான் வேலையைக் காட்டும். ஹெலிகாப்டர் என்பது கிரேக்கத்தின் ‘ஹெலிகோ’ (சுருள்), ‘ப்டெரோன்’ (சிறகு) இரண்டும் சேர்ந்தது. அதை ஹெலி, காப்டர் என்று வெட்டியதால்தான் இன்று ஹெலிபேடும் இருக்கிறது, குவாட்காப்டரும் இருக்கிறது.